மொய் நோட்டில் இடம்பெறாதவர்களுக்கும் சேர்த்து ஒரு நன்றி

நம்ம ஊர்ப் பெரியவர்களுக்கும், அம்மாமார் அப்பாமாருக்கும், சிங்கப்பூரில் இருக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

2024 ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை, நம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் வேப்பமரத்தடியில் கூடி, பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு என்னைத் தலைவி ஆக்கினீர்கள். இரண்டு வருஷம் முடியப் போகிறது. என் மகளும் அஞ்சாம் வகுப்பை முடித்துவிட்டாள். பொறுப்பை அடுத்தவர் கையில் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் எல்லாருக்கும் நன்றி சொல்ல வேண்டும். கூட்டத்தில் எழுந்து பேசினால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

மாசி மாதம் நடந்த கல்விச் சீரை இன்னும் யாரும் மறந்திருக்க மாட்டோம். அம்மன் கோயில் வாசலிலிருந்து மேளம் முன்னால் போக, தாய்மாமன் சீர் கொண்டுபோவதைப் போல நம் பெண்கள் தாம்பாளம் ஏந்தி வந்தார்கள். வாழைப்பழம், பூ, வெற்றிலைக்கு நடுவில் பென்சில் பெட்டியும் கட்டுக் கட்டாக நோட்டும். பின்னால் டிராக்டரில் பீரோ, இரண்டு மின்விசிறி, பாய், சுவர்க்கடிகாரம், எவர்சில்வர் தட்டு, உலக உருண்டை. பள்ளிக்கூட வாசலில் தலைமை ஆசிரியர் சந்தனமும் கற்கண்டும் கொடுத்து வரவேற்றபோது, ரெண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "யாருக்கு டீச்சர் கல்யாணம்?" என்று கேட்டான். "உங்க பள்ளிக்கூடத்துக்குத்தான்டா" என்றார் அவர்.

வந்த பொருளை எல்லாம் மொய் நோட்டு போட்டே எழுதினோம். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்து ஆட்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடி பிறந்தால் விருந்து போட்டு மொய் வாங்கும் மொய் விருந்து. செய்தவருக்குத் திருப்பிச் செய்து, மேலே கொஞ்சம் கூடுதலாகப் புது மொய்யும் வைக்க வேண்டும், அதைப் புது நடை என்போம். அந்த நோட்டில் 112 பேர் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் உங்களுக்கு எப்படித் திருப்பிச் செய்யும் என்று யோசித்துப் பார்த்தேன், வழி தெரியவில்லை. ஒவ்வொருவருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

ஆனால் நோட்டில் ஏற முடியாத செய்முறையும் நிறைய இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடலுக்கே அர்த்தமில்லை.

எங்கள் முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் 9 பேர். குழுவில் இருப்பதோ 24 பேர். முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. சட்டம் நாற்காலி போட்டுவிட்டது, உட்கார ஆள் வர வேண்டுமே! விடியக்காலை மூணு மணிக்கே முல்லைக் காட்டில் பூப்பறிக்க இறங்கி, பிறகு வீட்டு வேலையும் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று மணிக்கு வந்து உட்கார்ந்த அம்மாமார்களே, உங்களுக்குத்தான் முதல் நன்றி. கூட்டத்தில் சில பேர் தூங்கி விழுந்தீர்கள். இருந்தும் அடுத்த மாதம் வந்தீர்கள். கழிவறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று நாம் போட்ட தீர்மானத்தை, 2025 ஜனவரி 26 கிராமசபையில் 11 பெண்கள் சேர்ந்து எழுந்து நின்று சொன்னோம். தனியாகப் போயிருந்தால் என்னை உட்காரச் சொல்லியிருப்பார்கள். குழாய் வர நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் எதிர்த்த தோப்பு அண்ணன் தன் போர்வெல்லிலிருந்து ரோட்டைத் தாண்டி ஓஸ் போட்டுத் தண்ணீர் விட்டார். காலை எட்டரை மணிக்கு அவர் மோட்டார் போடாத நாள் கிடையாது. அவர் பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

கஜா புயலில் விழுந்த சுற்றுச்சுவர் எல்லாருக்கும் நினைவிருக்கும். 2018 நவம்பர் 16 அன்று தென்னையெல்லாம் வேரோடு சாய்ந்து, அவரவர் வீட்டுக் கூரையே போய்க் கிடந்த நேரத்தில் பள்ளிச் சுவரை யார் பார்ப்பது? மேற்குப் பக்கம் அப்படியே கிடந்தது. ஆடு மாடு வரும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாய் வரும். சிமெண்டுக்கும் கம்பிக்கும் சிங்கப்பூர்த் தம்பிகள் பணம் அனுப்பினார்கள். சுவரை எழுப்பியது நம் ஊர்க் கொத்தனார்கள் ஐந்து பேர், ஆறு ஞாயிற்றுக்கிழமை, கூலி வாங்காமல். வாரம் முழுக்க வெயிலில் நின்றவர்களுக்கு அந்த ஒரு நாள்தான் ஓய்வு என்பது எனக்குத் தெரியும்.

காலை உணவு சமைக்கும் மகளிர் குழு அக்காக்களுக்கும் நன்றி. 2023 ஆகஸ்டில் அந்தத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்ததே, அதற்கு முன்னால் பூக்காட்டுக்குப் போகும் அம்மாவின் பிள்ளை பழைய சோறோ வெறும் வயிறோ என்றுதான் பள்ளிக்கூடம் வந்தது. என் பிள்ளையும் அப்படி வந்திருக்கிறாள். இப்போது உப்புமாவும் பொங்கலும் சாம்பாரும் சூடாக இருக்கிறது. அரிசியும் ரவையும் அரசாங்கம் கொடுக்கும். "இவன் நேத்து சரியாச் சாப்பிடலை, இன்னைக்கு ஒரு கரண்டி கூட வை" என்று பார்த்துப் போடும் கை நம் ஊருடையது.

அப்புறம், நம் பாட்டி. கீழத்தெருப் பாட்டி என்றால் எல்லாருக்கும் தெரியும். 1990களின் தொடக்கத்தில் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, இரண்டு பிள்ளை பெற்ற பிறகு எழுத்துக் கற்றுக்கொண்டவர், அதே வேகத்தில் சைக்கிளும் பழகியவர். போன வருஷம் ஆடி மாதத்திலிருந்து திங்கள்கிழமை தோறும் மத்தியானம் பள்ளிக்கு வந்து, படிக்கத் திணறும் பிள்ளைகளோடு வராந்தாவில் உட்காருகிறார். யாரும் அவரை வரச் சொல்லவில்லை.

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். புத்தகத்தைத் திறந்தாலே தலையைக் குனிந்துகொள்வான். பாட்டி புத்தகத்தை மூடி வைத்தார். இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து பூக் கமிஷன் கடைச் சீட்டை எடுத்தார். "எனக்குக் கண்ணு மங்கலா இருக்குடா, கடைக்காரன் என்ன எழுதியிருக்கான்னு பாரு" என்றார். அவன் விரல் வைத்து, "மு... முல்... முல்லை" என்றான். "எடை?" "ஒன்றே முக்கால்." "காசு சரியாப் போட்டிருக்கானா?" அதற்குப் பிறகு அவன் ஒவ்வொரு திங்களும் சீட்டுக்காகக் காத்திருந்தான். சித்திரையில் ஒரு நாள், அவன் அம்மா கொண்டுவந்த சீட்டில் எடை குறைந்திருப்பதை அவனே கண்டுபிடித்துச் சொன்னானாம். அந்த அம்மா என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதை மூன்று தடவை சொன்னாள். பாட்டி, உங்கள் கண் நன்றாகத்தான் தெரிகிறது என்பது எங்களுக்குத் தெரியும். உங்கள் காலைத் தொட்டு நன்றி சொல்கிறேன்.

ஆசிரியர்கள் இருவருக்கும் தனியாகவே எழுத வேண்டும். நாங்கள் கேள்வி கேட்டபோது முகம் சுளிக்காமல் பதிவேட்டைத் திறந்து காட்டினீர்கள். அந்த ஒன்றுக்காகவே ஊர் உங்களை நம்பியது. நான் பதவி ஏற்றபோது 23 பிள்ளைகள் இருந்தார்கள். இப்போது 38 பேர். அதில் நான்கு பேர் தனியார் பள்ளி வேனிலிருந்து இறங்கி நடந்து வருகிறவர்கள். என் மூத்தவனை அந்த வேனில்தான் அனுப்பினேன். நம் பள்ளியின் படியை அப்போது நான் மிதித்துக்கூடப் பார்க்காததை நினைத்து இப்போதும் வருத்தப்படுகிறேன்.

கடைசியாக ஒரு செய்தி. சீர் அன்று வந்த தாம்பாளங்களில் ஒன்று இன்னும் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது. பித்தளை, அடியில் சிவப்பு பெயிண்டால் ஒரு புள்ளி வைத்திருக்கும். யாருடையது என்று தெரியவில்லை. சத்துணவு அக்காவிடம் பத்திரமாகக் கொடுத்து வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி