ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்தவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பழங்காலச் சமையலறை பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இயந்திரங்கள் வந்து உணவின் ருசியையும் உடம்பின் உறுதியையும் கொண்டுபோய்விட்டன என்று வருந்தியிருந்தார் கட்டுரையாளர். ஆட்டுக்கல்லின் அழகைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதியவர், அதன் முன் உட்கார்ந்து ஆட்டியது யார் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

எங்கள் வீட்டில் ஆட்டியது அம்மா. இரவுச் சோறு முடிந்து, ஏனம் கழுவி, நாங்கள் எல்லோரும் பாயில் படுத்த பிறகு மணையை இழுத்துப் போட்டு உட்காருவார். வலது கை குழவியைச் சுற்றும். இடது கை உளுந்தைக் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் கண் அசந்தால் விரல் நசுங்கும். அரிசியும் உளுந்தும் ஆட்டி முடிக்க ஒன்றரை மணி நேரமாகும். எங்கள் கொங்குப் பக்கத்துக் கிராமங்களில் தீபாவளி, பொங்கலுக்குத்தான் இட்லி என்று இருந்ததற்கு அரிசியின் அருமை ஒரு காரணம் என்றால், இந்த ஒன்றரை மணி நேரம் இன்னொரு காரணம்.

எங்கள் வீட்டுக்குக் கிரைண்டர் 1984இல் வந்தது. முதல் நாள் அம்மா அதன் பக்கத்திலேயே நின்று, உளுந்து பொங்கி வருவதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அடுத்த வாரம், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே தங்கையின் கணக்கு நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

கோவையில் 1955இல் பி. சபாபதி என்பவர் தொடங்கிவைத்தது இந்தக் கிரைண்டர் தொழில். பஞ்சாலைகளும் மோட்டார், பம்புப் பட்டறைகளும் வார்ப்பாலைகளும் நிறைந்த அந்த ஊரில் இது பிறந்ததில் வியப்பில்லை. ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவி சுற்றும். கிரைண்டரில் குழவி ஓரிடத்தில் நிற்க, பாத்திரம் சுற்றுகிறது. அரைப்பது அதே கருங்கல்தான். மிக்ஸியின் பிளேடு வேகத்தில் மாவு சூடேறும். கல் நிதானமாகச் சுற்றுவதால் இதில் அவ்வளவு சூடேறாது. உளுந்து நுரைத்துக் காற்றைப் பிடித்துக்கொள்கிறது. இரவில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாயுவும் அதற்குள் தங்கி, காலையில் மாவு பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டு நிற்கிறது. ருசி போய்விட்டது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர் கொடுக்கத் தொடங்கியபோது எத்தனை ஏளனம்! என் காதுபட ஏளனம் செய்தவர்களில் ஒருவரும் மாவாட்டிப் பழகியவர் இல்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஊத்துக்குளிப் பக்கம் கிரைண்டர் கல் செதுக்குகிறவர்களையும், கோவைப் பட்டறைகளில் அந்தக் காலத்தில் வேலை பார்த்தவர்களையும், அவர்கள் நம்மோடு இருக்கும்போதே சந்தித்து எழுதுங்கள். ஆட்டுக்கல் பற்றி மறுபடியும் எழுதினால், எழுபது வயதைத் தாண்டிய பெண்களிடம் கேட்டு எழுதுங்கள். உள்ளங்கையைக் காட்டச் சொல்லுங்கள். என் அம்மாவுக்குச் சுண்டுவிரலுக்குக் கீழே இருந்த காய்ப்பு கடைசி வரை கரையவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
பல்லடம்.