இருப்புக்கொள்ளாத கால்கள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாட்கள் ஆகின்றன. கண் அறுவை சிகிச்சை முடிந்து கட்டுப் பிரித்த பிறகுதான் படித்தேன். மகள் வாசித்துக் காட்டுவதாகச் சொன்னாள். உன் கையெழுத்தை நானே பார்க்க வேண்டும் என்று எடுத்து வைத்திருந்தேன். கண் நன்றாக இருக்கிறது, கவலைப்படாதே.

ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறாய். புத்தகம் எடுத்தால் நாலு பக்கம் தாண்டுவதில்லை, படுத்தால் எழுந்து நடக்கத் தோன்றுகிறது, வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போய்விடலாமா என்றும் யோசிக்கிறாய். போன முறை தொலைபேசியில் "மனதை அடக்கிக்கொண்டு சும்மா இரு" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

என் அப்பாவை உனக்கு நினைவிருக்கும். கடைசி ஆறேழு ஆண்டுகள் இரவானால் கூடத்தில் நடந்துகொண்டே இருப்பார். காலுக்குள் ஏதோ ஊர்கிறது, அசைத்தால்தான் அடங்குகிறது என்பார். வயதாகிவிட்டது, கவலை அதிகம் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். ஓர் இரவு, "எங்களையாவது தூங்க விடுங்கள்" என்று கத்திவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து, சத்தம் கேட்கக் கூடாதென்று செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்.

அவர் போன பிறகுதான் இப்படி ஒரு நோய் இருப்பதே எனக்குத் தெரிந்தது. தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1672-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். 1945-ல் ஸ்வீடனின் எக்போம் விரிவாக ஆராய்ந்து, 'அமைதியற்ற கால்கள்' என்றே பெயர் வைத்தார். மாலையிலும் இரவிலும் கூடும், ஓய்வாக இருந்தால் வரும், நடந்தால் தணியும். பலருக்கு இரும்புச்சத்துக் குறைவோடு தொடர்பு உண்டு. ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனை! அதைச் செய்து பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பாவுக்கு இருந்தது இதுதான் என்று இன்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஆனாலும் அந்த வெறுங்கால் நடை என்னை விடுவதாக இல்லை.

தவிப்பு, பதற்றம், அலைச்சல், துடிப்பு என்று நம்மிடம் எத்தனை சொற்கள் இருக்கின்றன! எல்லாவற்றுக்கும் மருந்து மட்டும் 'சும்மா இரு' என்ற ஒன்றுதான். சில மாத்திரைகள், முக்கியமாக மனநோய்க்கும் வாந்திக்கும் தருகிறவற்றில் சில, உட்காரவே முடியாத தவிப்பை உண்டாக்கும். அந்த மனிதரிடம் போய் மனதை அடக்கு என்றால் என்ன நியாயம்? நீ சாப்பிடுகிற மாத்திரைகளையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடு.

வேறு ஊர் யோசனை மட்டும் எனக்கு வேறு வகையாகப் படுகிறது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியஸ் என்ற துறவி இதை நுட்பமாகக் கவனித்திருக்கிறார். நண்பகலில் சூரியன் நகராமல் நிற்பதுபோல் இருக்குமாம், பகலுக்கு ஐம்பது மணி நேரம் இருப்பதுபோல் தோன்றுமாம். துறவி சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருப்பான்; வேறிடம் போனால் எல்லாம் எளிதாகிவிடும் என்று நினைப்பான். அவனுக்கு எவாக்ரியஸ் சொன்ன வழி, அறையை விட்டுப் போகாமல் இருப்பது. அந்தத் தவிப்புக்கு அது சரி. அப்பாவுக்கு அதையே சொல்லியிருந்தால் கொடுமை.

பறவைகளின் கதை இன்னொன்று. வலசை போகும் பருவம் வந்தால் கூண்டில் இருக்கும் பறவைகூட இரவெல்லாம் தத்தித் தத்திப் படபடக்கும். 1960-களில் அமெரிக்காவில் எம்லன் என்ற ஆய்வாளர் புனல் வடிவக் கூண்டு ஒன்று செய்தார். அடியில் மைத்திண்டு, சுற்றிலும் காகிதம். பறவை துள்ளும்போதெல்லாம் காலில் ஒட்டிய மை காகிதத்தில் பதியும். காலையில் பார்த்தால் தடங்கள் அது பறந்து போக வேண்டிய திசையில் குவிந்திருக்கும். வெளியே நின்று பார்க்கிறவனுக்கு அது வெறும் படபடப்பு. நண்பா, நாற்பது ஆண்டுகள் காலை ஆறு மணிக்கு எழுந்து வேலைக்கு ஓடியவன் நீ. உன் கால்களுக்கும் ஒரு திசை இருக்கிறதோ என்னவோ.

அதனால் ஒன்று செய். ஒரு வாரம் குறித்து வை. எந்த நேரத்தில் வருகிறது, உட்கார்ந்திருக்கும்போதா படுக்கும்போதா, நடந்தால் தணிகிறதா, அப்போது மனதில் என்ன ஓடுகிறது. இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதே. வீட்டை விற்கும் பேச்சு அதுவரை வேண்டாம்.

பேத்திக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. ஒரு நொடி தரிப்பதில்லை. வீடே அதைப் பார்த்துப் பூரிக்கிறது.

மருத்துவர் பயணம் போகலாம் என்றதும் புறப்பட்டு வருகிறேன், நாலு நாள் தங்குவேன். இரவில் எழுந்தால் என்னையும் எழுப்பு. செருப்புப் போட்டுக்கொண்டே நடக்கலாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்