வீட்டுச் சபை வீட்டுக்காரரின் சபை ஆகிவிடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோலாலம்பூர் வட்டாரத்தில் செந்தூல், கெப்போங், பூச்சோங் என்று தமிழர் வாழும் இடங்களில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் கிறிஸ்தவ வீட்டுச் சபைகள் கூடுகின்றன. பெரிய ஆலயத்தின் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு யாரோடும் பேசாமல் திரும்பியவர்களை இங்கே பேர் சொல்லி விசாரிக்கிறார்கள். இது புதுப் பழக்கமும் அல்ல. பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா வீட்டிலே கூடும் சபைக்குப் பவுல் வாழ்த்துச் சொல்லுகிறார் (ரோமர் 16:5). இவ்வளவு அருமையான ஐக்கியம் ஏன் அடிக்கடி உடைகிறது? உபதேச வேறுபாடு என்றுதான் வெளியே சொல்லப்படுகிறது. என் கருத்து வேறு. வீடு யாருடையதோ, சபையும் மெல்ல மெல்ல அவருடையதாகிவிடுகிறது. பெரும்பாலான சண்டைகளின் வேர் அதுதான்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. ஒரே வீட்டில் வாராவாரம் கூடுகிறோம். வீட்டுக்கார அம்மா கூடம் பெருக்கி, நாற்காலி போட்டு, இருபது பேருக்குச் சமைத்து, கடைசியில் பாத்திரமும் கழுவுகிறார். ஐயா பாட்டைத் தெரிந்தெடுக்கிறார், யார் பிரசங்கிப்பது என்று முடிவு செய்கிறார், காணிக்கையையும் வாங்கி வைக்கிறார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவர்கள் நாம். அவர் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு அவர் சொல்வதை மறுத்துப் பேச யாருக்கு வாய் வரும்? அந்தக் குடும்பத்துக்கும் விடுதலை இல்லை. பிள்ளைக்கு எஸ்பிஎம் பரீட்சை, மாமியாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் ‘இந்த மாதம் வேண்டாம்’ என்று சொல்லக் கூச்சம். அவர்கள் ஜொகூருக்கு மாற்றலாகிப் போனால் சபையும் அன்றோடு கலைந்துவிடும்.

ஆகவே குறைந்தது மூன்று வீடுகளாவது வேண்டும். வாரம் ஒரு வீடு என்று மாற்றினால் புதிதாக வருகிறவர்கள் வழி தெரியாமல் நின்றுவிடுவார்கள். மாதம் ஒன்று என்றால் சரியாக இருக்கும். எந்த வீட்டில் கூடுகிறோமோ அந்த வீட்டார் அந்த மாதம் ஆராதனையை நடத்தக் கூடாது. இந்த ஒரே விதி பல மனக்கசப்புகளை முளையிலேயே கிள்ளிவிடும்.

ஆராதனைக்குப் பின் சேர்ந்து உண்ணும் அன்பின் விருந்தின் வேலையையும் பகிர வேண்டும். வீட்டார் சோறு மட்டும் வடிக்கட்டும். பிள்ளைகளும் சேர்ந்த இருபது பேருக்கு இரண்டரைக் கிலோ அரிசி போதும். குழம்பையும் பொரியலையும் இரண்டு குடும்பங்கள் கொண்டு வரட்டும். பாத்திரம் கழுவி, தரை துடைத்த பிறகே மற்றவர்கள் கிளம்ப வேண்டும், ஆண்களும்தான். கேஸுக்கும் மின்சாரத்துக்கும் காணிக்கையிலிருந்து ஒரு தொகையைத் தானாகவே கொடுத்துவிட வேண்டும், வீட்டார் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. கொரிந்து சபையில் முந்தி வந்தவன் வயிறார உண்டான், பிந்தி வந்தவன் பசியாய் இருந்தான் என்று 1 கொரிந்தியர் 11-இல் படிக்கிறோம். இன்றும் பாதுகாவலர் வேலையும் ஃபாக்டரி ஷிஃப்டும் முடித்து வருகிறவர்களுக்குச் சட்டியின் அடிதான் மிஞ்சுகிறது. அவர்கள் பங்கை முதலிலேயே எடுத்து மூடி வைக்க வேண்டும்.

பணம்தான் அடுத்த கண்ணி. ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் காணிக்கையை எண்ணி, அன்றிரவே நோட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மாதம் ஒருமுறை கணக்கை எல்லாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். நம்பிக்கை இல்லையா என்று கோபித்துக்கொள்பவர்கள் 2 கொரிந்தியர் 8:20, 21-ஐப் பார்க்கட்டும். தர்மப் பணத்தைக் கொண்டுபோவதில் ஒருவரும் குற்றம் சொல்லாதபடிக்குப் பவுலே துணைக்கு ஆள் வைத்துக்கொண்டார். சபைப் பணத்தைத் தனியாள் வங்கிக் கணக்கில் போடவே கூடாது. அவர் திடீரென்று இறந்தால் கணக்கு முடங்கும். வாரிசுகள் நீதிமன்றம் ஏறி இறங்கி எடுக்கும்போது அது அவருடைய சொத்தாகவே கணக்கிடப்படும். ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்த அமைப்பு 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது. ஒன்று சங்கப் பதிவிலாகாவில் பதிய வேண்டும், இல்லையேல் ஏற்கெனவே பதிவுபெற்ற திருச்சபையோடு இணைய வேண்டும். இணைந்தால் அவர்களுடைய சட்டதிட்டத்துக்கு உட்பட வேண்டியிருக்கும். அதை முன்பே வாசித்துப் பார்த்துவிட்டு இணைவது நல்லது.

அண்டை வீட்டாரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இருபது பேருக்கு ஒலிபெருக்கி எதற்கு? அதன் கனத்த அடித்தொனி (பாஸ்) இரு வீட்டுக்கும் பொதுவான சுவரைத் தாண்டிப் போகும். ஜன்னலைச் சாத்தினாலும் நிற்காது. செருப்புகள் நடைபாதையை அடைக்கக் கூடாது, கார் அடுத்தவர் வாசலை மறிக்கக் கூடாது, இரவு ஒன்பதரைக்குள் பாட்டு ஓய வேண்டும்.

ஜெப விண்ணப்பம் வம்பாகிப் போவதுதான் இதைவிட வேதனை. கணவனின் குடியைப் பற்றி ஒரு சகோதரி கண்ணீரோடு சொன்னது, மறுநாள் காலை வாட்ஸ்அப் குழுவில் பேரோடு வந்துவிடுகிறது. அதன்பின் அவர் சபைக்கு வருவதில்லை. மற்றவருடைய காரியத்தை அவர் அனுமதியின்றிக் குழுவில் எழுதக் கூடாது என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். பெண்களின் பாரத்தைக் கேட்க மூத்த சகோதரிகள் இருவர் வேண்டும்.

கடைசியாக, பலரும் கவனிக்காத ஒன்று: திருமணம். 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் நடப்புக்கு வந்த 1982 மார்ச் 1 முதல், முஸ்லிம் அல்லாதார் திருமணம் அச்சட்டப்படி நடந்து பதிவாக வேண்டும். துணைப் பதிவாளராக நியமிக்கப்பட்ட போதகர்தான் ஆலயத்தில் அதை நடத்திப் பதிய முடியும். வீட்டுச் சபைப் போதகர் பலருக்கு அந்த நியமனம் இல்லை. அவர் கைவைத்து ஆசீர்வதித்ததோடு நின்றுவிட்டால், பிள்ளை பிறக்கும்போதுதான் விபரீதம் தெரியும். தாய் வெளிநாட்டவரானால் பிள்ளையின் குடியுரிமையே கேள்விக்குள்ளாகும். தேசியப் பதிவிலாகாவில் பதிந்த சான்றிதழைப் பார்த்த பிறகே போதகர்கள் ஆசீர்வாத ஆராதனைக்குத் தேதி கொடுக்க வேண்டும்.

சங்கப் பதிவுக்கும் திருமணப் பதிவுக்கும் என்னென்ன ஆவணங்கள் வேண்டும், எங்கே போக வேண்டும் என்பதைத் தங்கள் ஞாயிறு பதிப்பில் தமிழில் விளக்கமாக வெளியிடும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன். மலாய்ப் படிவத்தைக் கண்டு தயங்கி நிற்கும் பல குடும்பங்களுக்கு அது உதவும்.

இப்படிக்கு,
வாசகர், செந்தூல், கோலாலம்பூர்