சிவப்புப் பெட்டி வருகிறது

மயிலாப்பூர், சென்னை

அன்புள்ள பாப்பா,

நீ கேட்ட சிவப்புப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி கூரியரில் போட்டுவிட்டேன். 1983-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பேசிக் செட்: ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் பாத்திரங்களாகப் பாதாளத்தில் புகுந்து பகடை உருட்டி ஆடும் விளையாட்டு. பதினாலு வயதில் தலைக்கேறியது இன்னும் இறங்கவில்லை, அட்டையைத் தொட்டாலே கை பரபரக்கிறது.

பிரித்ததும் விதிப் புத்தகங்களின் ஸ்டேப்ளர் பின்னைக் கழற்று. கடற்காற்றில் துருப்பிடித்துத் தாளை அரிக்கிறது. நடுப்பக்கத்தை விரித்து, மழுங்கிய கத்தியால் பின்னின் கால்களை நிமிர்த்திவிட்டு முதுகுப் பக்கமாக மெல்ல உருவு. வெளியிலிருந்து நெம்பினால் அட்டை கிழியும். அதே ஓட்டைகளில் பருத்தி நூல் கோத்துத் தைத்துவிடு.

பகடையில் எண்கள் வெறும் பள்ளம்தான். கிரேயானை அழுத்தித் தேய்த்து, மேலே படிந்ததைத் தாளால் துடை.

நாலு முகப் பகடையும் எட்டு முகப் பகடையும் தொலைந்துவிட்டன. பதிலுக்குப் பாட்டியின் பித்தளைத் தாயக்கட்டை ஒன்று வைத்திருக்கிறேன். புள்ளியில்லாத முகம் விழுந்தால் 4. எட்டு வேண்டுமா, கூடவே ஒரு காசைச் சுண்டு: தலை என்றால் கட்டையில் விழுந்தது அப்படியே, பூ என்றால் அதோடு 4 கூட்டு. முதல் நிலை மந்திரவாதிப் பாத்திரத்துக்கு மொத்த உயிரே ஒரு நாலு முக உருட்டல்தான், அவசரப்படாமல் உருட்டச் சொல்.

இனி முக்கியமான விஷயம். நீ நடத்தும்போது வெளிச்சத்தை எண்ணாமல் விடாதே. பாதாளத்தில் ஒரு சுற்று 10 நிமிடம், ஒரு தீப்பந்தம் 6 சுற்று. கிராஃப் தாளின் ஓரத்தில் ஆறு கட்டம் போட்டு, சுற்றுக்கு ஒன்றாக அடித்துக்கொண்டே வா. சண்டை வந்தால்தான் எல்லாரும் மறப்பார்கள். அது ஒரு நிமிடத்தில் முடிந்தாலும், மூச்சு வாங்கி ஆயுதத்தைத் துடைக்கும் நேரத்தையும் சேர்த்து முழுச் சுற்றாகவே கழி. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஆறு முகப் பகடையை உருட்டு, 1 விழுந்தால் ஏதோ ஒன்று வருகிறது. ஒரு பந்தம் அணைவதற்குள் மூன்று உருட்டல், அதில் ஒருமுறையாவது 1 விழ நூற்றுக்கு 42 வாய்ப்பு. நாலாவது கட்டத்தை அடிக்கும்போதே மேசையில் பேச்சு குறையும், பார். அந்த அமைதிக்காகத்தான் இத்தனை வருடம் இந்தப் பெட்டியை வைத்திருந்தேன். கணக்கை விட்டால் வெறும் கதவு திறக்கிற விளையாட்டாகிவிடும்.

யாராவது ஒருவரை லாந்தர் வாங்கச் சொல். ஒரு குப்பி எண்ணெய் 24 சுற்று எரியும்.

பென்சிலில் வரைந்த பழைய வரைபடம் ஒன்றும் உள்ளே இருக்கிறது. ஒரு கட்டம் பத்தடி. கிணற்றுக்குப் பக்கத்து அறையை மட்டும் கடைசிவரை காட்டாதே.

அப்பா