பரணில் வைத்தால் பரோலோ பழுக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் இத்தாலியச் சிவப்பு ஒயின் பற்றி வந்த குறிப்பில் மூன்று தவறுகள் உள்ளன. ‘ஒயின் பழசாகப் பழசாக ருசி கூடும்’ என்றது ஒன்று. ‘அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும்’ என்றது இன்னொன்று. பரோலோ ஒயினை ‘ஸ்லோவேனிய ஓக்’ பீப்பாயில் வைப்பார்கள் என்றது மூன்றாவது. அந்த மரம் ஸ்லோவேனியா நாட்டுடையது அல்ல. குரோஷியா நாட்டின் கிழக்குப் பகுதியான ஸ்லவோனியாவுடையது. அதில் யாருக்கும் நட்டமில்லை. முதல் இரண்டையும் நம்பினால்தான் பாட்டில் வீணாகும்.

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கம் கப்பல் வேலைக்குப் போனவர்கள் இருக்கும் வீடுகள் நிறைய. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் வரியில்லாமல் 2 லிட்டர் வரை மது கொண்டுவரலாம், 750 மி.லி. பாட்டில் என்றால் இரண்டு. அந்த இரண்டும் ஹாலில் ஷோகேஸில் நிற்கும். இல்லையென்றால் ‘விசேஷத்துக்கு எடுத்துக்கலாம்’ என்று பரண் ஏறும். வீட்டிலேயே மோசமான இடம் அந்தப் பரண்தான். மொட்டை மாடித் தளத்துக்கு நேர் கீழே இருப்பது அது. மே மாதத்தில் பகலெல்லாம் வெயில் குடித்த காங்கிரீட் இரவு பத்து மணிக்கும் சூடு கக்கும்.

எல்லா ஒயினும் வைத்துக் குடிப்பதற்கானதல்ல. உலகில் செய்யப்படுவதில் பெரும்பகுதி இரண்டு மூன்று வருடத்துக்குள் குடித்துத் தீர்க்க வேண்டியதே. இத்தாலியிலும் சாதாரண கியாந்தியோ பார்பெராவோ பத்து வருடம் வைத்தால் வெறும் புளிப்பும் தண்ணீருமாகத்தான் மிஞ்சும். பரோலோ விதிவிலக்கு. அதற்குக் காரணம் அதன் திராட்சையும் அதைச் செய்யும் முறையும்.

வடமேற்கு இத்தாலியில் பியட்மான்ட் மாநிலத்தில், ஆல்பா ஊரை ஒட்டிய குன்றுகளில், நெபியோலோ என்ற ஒரே ரகத் திராட்சையில் செய்வது பரோலோ. அறுவடை பெரும்பாலும் அக்டோபரில். பழைய முறையில் தோலும் விதையும் சாற்றோடு 30 முதல் 60 நாள் வரை ஊறும். நொதிக்கும்போது தோல் மேலே அடையாகக் கட்டி மிதக்கும். அதை மரப்பலகை வைத்துச் சாற்றுக்குள் அமுக்கி வைப்பார்கள், உப்புநீரில் மாங்காய் ஊறப்போடும்போது தட்டு வைத்து அமுக்குகிற மாதிரி. இவ்வளவு நாள் ஊறுவதால் தோலிலும் விதையிலும் உள்ள டானின் நன்றாக இறங்கிவிடும். டானின் என்றால் வேறொன்றுமில்லை, நம் துவர்ப்புதான். பாக்கிலும் கடுக்காயிலும் ரொம்ப நேரம் கொதித்த டீயிலும் இருப்பது அதே குடும்பம்.

பிறகு பீப்பாய். சட்டப்படி, அறுவடை ஆண்டின் நவம்பர் 1-இலிருந்து 38 மாதம் கழித்தே பரோலோவை விற்கலாம். அதில் 18 மாதமாவது மரத்தில் இருக்க வேண்டும். லேபிளில் ‘ரிசர்வா’ என்றிருந்தால் 62 மாதம். 2021 அறுவடை 2025 ஜனவரியில்தான் விற்பனைக்கு வர முடிந்தது. பழைய முறைக்காரர்களின் பீப்பாய் ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும். பல வருடம் புழங்கியது. 225 லிட்டர் பிரெஞ்சு பீப்பாயான பாரிக்கோடு ஒப்பிட்டால் 5,000 லிட்டர் பீப்பாயில் ஒரு லிட்டர் ஒயினுக்குப் படும் மரப்பரப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மரவாசனை ஏறாது, காற்று மட்டும் மெல்ல மெல்ல உள்ளே போகும். புதிய பாரிக்கில் வைத்ததில் வனிலா வாசனையும் வறுத்த காபி வாசனையும் தூக்கும். 1980-களிலும் 90-களிலும் இந்த இரண்டு கட்சிகளுக்கும் அங்கே பெரிய சண்டையே நடந்தது. பர்தோலோ மாஸ்கரெல்லோ என்ற பழைய முறைக்காரர் ‘பாரிக்கும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்’ என்று கையால் எழுதி லேபிளே ஒட்டினார். பெர்லுஸ்கோனி அந்நாட்டு அரசியல்வாதி, பிரதமராகவும் இருந்தவர். பெரிய பீப்பாய்க் கட்சிதான் எனக்குச் சரியென்று படுகிறது. வனிலா வேண்டுமென்றால் ஐஸ்கிரீம் இருக்கிறது.

பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது? தக்கை வழியாக மிகச் சிறிதளவு ஆக்சிஜன் உள்ளே போகும். துவர்ப்புத் துகள்களும் நிறத் துகள்களும் ஒன்றோடொன்று பிணைந்து பெரிதாகி, ஒரு கட்டத்தில் மண்டியாக அடியில் படியும். வாயைக் கட்டிப்போட்ட துவர்ப்பு தளரும். நிறம் செங்கல் சாயலுக்கு மாறும். நல்ல வருடத்துப் பரோலோ அறுவடையிலிருந்து 10 முதல் 15 வருடத்தில் திறக்கத் தயாராகும். 2010, 2016 போன்ற வருடங்கள் 25, 30 வரை தாங்கும். இதெல்லாம் 12 முதல் 14 டிகிரி செல்சியஸில், இருட்டில் படுத்துக் கிடந்தால்.

பத்து டிகிரி கூடினால் வேதிவினைகள் சுமாராக இரட்டிப்பு வேகம் எடுக்கும் என்பார்கள். அந்தக் கணக்கில், 13 டிகிரியில் 12 வருடம் எடுப்பது 33 டிகிரியில் 3 வருடத்தில் முடிந்துவிடுமே, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் எல்லா வினைகளும் ஒரே அளவில் வேகமெடுப்பதில்லை. துவர்ப்பு தளர்வதற்கு முன்பே பழவாசனை வெந்துவிடும். வைக்கோலில் வைத்துப் பழுக்கும் மாம்பழமும் சட்டியில் வெந்த மாங்காயும் ஒன்றா?

இன்னொரு சிக்கல், ஒயின் விரிவது. 20 டிகிரியிலிருந்து 40-க்கு ஏறினால் 750 மி.லி. ஒயின் சுமார் 5 மி.லி. பெருகும். தக்கைக்குக் கீழே இருக்கிற காலியிடமே ஏறக்குறைய அவ்வளவுதான். அழுத்தம் தக்கையை மேலே தள்ளும். ஒயின் அதன் ஓரமாகக் கசியும். இரவில் சூடு தணிந்து சுருங்கும்போது வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். தினம் ஒரு தடவை இப்படி மூச்சு விட்டால் ஒரே கோடையில் பாட்டில் முடிந்தது. துறைமுகத்தில் வெயிலில் நிற்கும் சாதா கன்டெய்னருக்குள் 50 டிகிரியைத் தாண்டும் என்பது அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். குளிர்பதனக் கன்டெய்னரில் வராத சரக்கு கடைக்கு வரும்போதே பாதி வெந்திருக்கலாம்.

ஆகவே வாங்கும்போது பாட்டில் கழுத்தைப் பாருங்கள். தக்கை கண்ணாடி விளிம்புக்கு மேலே துருத்தி மூடியை உப்ப வைத்திருக்கிறதா? மூடிக்குக் கீழே பிசுபிசுப்போ காய்ந்த கறையோ இருக்கிறதா? ஒயின் மட்டம் கழுத்தை விட்டு இறங்கித் தோளுக்கு வந்திருக்கிறதா? ஒன்று இருந்தாலும் வேண்டாம். அசல் பரோலோவின் கழுத்தில் வரிசை எண் அச்சிட்ட அரசுக் காகிதப் பட்டை ஒட்டியிருக்கும், அதையும் கவனியுங்கள்.

வீட்டில் எங்கே வைப்பது? ஒயின் கூலர் வாங்குகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மலிவாக, சத்தமில்லாமல் வருகிற தெர்மோஎலக்ட்ரிக் வகை, வெளி வெப்பத்தைவிடப் பத்துப் பதினைந்து டிகிரிதான் குறைக்கும். மே மாதம் அறையில் 36 டிகிரி என்றால் உள்ளே 21-க்குக் கீழே இறங்காது. திரையில் 13 என்று நீங்கள் அமைத்திருந்தாலும் சரி. கம்ப்ரசர் வகையே வேண்டும். திரையில் தெரியும் எண்ணை நம்பாமல், ஒரு தெர்மாமீட்டரைத் தண்ணீர் நிரப்பிய பாட்டிலுக்குள் விட்டு ஒரு நாள் கழித்துப் பாருங்கள். இரண்டு மணி நேரக் கரண்ட் கட்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை. கதவைத் திறக்காமல் விட்டால் போதும்.

கூலர் இல்லையென்றால் ஃப்ரிட்ஜின் காய்கறி டிரே. பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, படுக்க வைக்க வேண்டும். ஃப்ரிட்ஜுக்குள் காற்று வறண்டது. பை இல்லாவிட்டால் தக்கை காய்ந்து சுருங்கும். ஒரு வருடம் வரை இப்படி வைக்கலாம். அந்தக் குளிரில் ஒயின் வளராது, கெடவும் கெடாது. அடியில் கண்ணாடித் தூள் மாதிரி ஏதாவது மின்னினால் பதறாதீர்கள். அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு, கெடுதல் இல்லை. கூலரும் இல்லை, ஃப்ரிட்ஜில் இடமும் இல்லை என்றால் அடுத்த கோடைக்கு முன் குடித்துவிடுவதே புத்தி. லாரி அதிர்வு ஒயினைக் கெடுக்கும் என்று எழுதுகிறார்கள். எண்ணூர் சாலை ஓரத்து வீடாகவே இருந்தாலும் வெயிலோடு ஒப்பிட்டால் அது ஒரு விஷயமே இல்லை.

இனி ‘அறை வெப்பநிலை’. அந்தப் பேச்சு ஐரோப்பாவின் பழைய கல் வீடுகளில் பிறந்தது. பரோலோவுக்கு 16 முதல் 18 டிகிரி வேண்டும். 30 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால் மூக்கில் ஏறும். மற்ற வாசனை எதுவும் தெரியாது. ஐஸும் தண்ணீரும் சரிபாதி போட்ட பக்கெட்டில் கால் மணி நேரம் வைத்தால் சரியாக இருக்கும். தண்ணீர் இல்லாமல் ஐஸ் மட்டும் போட்டால் குளிர் பிடிக்க நேரமாகும்.

பத்து வருடம் தாண்டிய பாட்டிலை முதல் நாளே நிமிர்த்தி வையுங்கள், மண்டி அடியில் இறங்கட்டும். குலுக்காமல் திறந்து, கழுத்துக்குக் கீழே மொபைல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தாமல் ஒரே சீராக வேறு கண்ணாடி ஜாடிக்கு மாற்றுங்கள். மண்டி புகை மாதிரி தோளுக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும்; கடைசி அரை கிளாஸுக்கு ஆசைப்பட்டால் மொத்தமும் கலங்கும். இளம் பரோலோ என்றால் ஜாடியில் 2 முதல் 4 மணி நேரம் காற்று படலாம், ஏ.சி. அறையில். மிகப் பழையதை ஜாடிக்கு மாற்றவே வேண்டாம். திறந்து அப்படியே விட்டு, கிளாஸிலேயே ஊற்றிக் காத்திருங்கள்.

பெரிய வயிறுள்ள கிளாஸில் 100 மி.லி.க்கு மேல் ஊற்றாதீர்கள். வெள்ளை வேட்டி மேல் சாய்த்துப் பாருங்கள். நடுவில் வெளிர்ச் சிவப்பு, ஓரத்தில் ஆரஞ்சு. ‘சாயம் போயிருக்கிறதே, கலப்படமோ’ என்று கேட்பவர்கள் உண்டு. நெபியோலோவுக்கு இளமையிலேயே நிறம் குறைவு. சுழற்றுவதற்கு முன் ஒரு தடவை முகருங்கள். இளசில் ரோஜாவும் செர்ரியும், கூடவே சாலை போடுகிற இடத்துத் தார் வாசனையும் வரும். தார் குறையல்ல, பரோலோவின் அடையாளமே அதுதான். வயதானதில் குல்கந்து, அதிமதுரம், காய்ந்த புகையிலை, முதல் மழையில் நனைந்த மண். ஒரு மடக்கு எடுத்து ஈறு முழுக்கப் படும்படி பத்து விநாடி வைத்திருங்கள். நாவல்பழம் தின்ற மாதிரி மேல் ஈறு இழுத்துப் பிடிக்கும். விழுங்கிய பிறகு அந்தப் பிடி தளர்ந்து எச்சில் ஊறினால் ஒயின் தயார். ஈறு வறண்டபடியே நின்றால் இன்னும் சில வருடம் போக வேண்டும்.

நனைந்த அட்டைப்பெட்டி, ஈரக்கோணி வாசனை வந்தால் தக்கையில் டி.சி.ஏ. என்ற பொருள் ஏறியிருக்கிறது; எவ்வளவு நேரம் காற்றாடினாலும் போகாது. ஜாம் காய்ச்சும் வாசனை வந்து நிறமும் பழுப்பாக இருந்தால் அது வெயில். நகப்பூச்சு வாடை பாக்டீரியா வேலை.

தொட்டுக்கொள்ள ஆட்டுக்கறி நல்லது, காரம் மட்டாக, மிளகு தூக்கலாக. கறியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும். வஞ்சிரம் வறுவலோடு வேண்டாம்; ஒயினில் உள்ள இரும்பு மீன் எண்ணெயோடு சேர்ந்து வாயில் கவிச்சி தட்டும். பர்மா பஜார் பக்கத்தில் விற்கும் பர்மா நூடுல்ஸான அத்தோவோடும் வேண்டாம். எலுமிச்சையும் மிளகாயும் சேர்ந்தால் அத்தோவும் கெட்டது, ஒயினும் கெட்டது.

பெரம்பூர் கிறிஸ்துமஸ் ஒயினையும் அந்தக் குறிப்பு இதே தட்டில் வைத்திருந்தது. சர்க்கரையும் பட்டை கிராம்பும் போட்டு ஜாடியில் ஊறும் அதன் இனிப்பு தனி. அதில் துவர்ப்பு குறைவு, தளர்வதற்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த வருடத்துக் கேக்கோடு தீர்த்துவிட வேண்டியது.

அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தம் போடுவீர்களானால், ‘அறை வெப்பநிலை’ என்ற இடத்தில் ‘16 முதல் 18 டிகிரி’ என்றும், ‘பழசாகப் பழசாக’ என்ற வரியோடு ‘பரோலோ போன்ற சிலவற்றுக்கு மட்டும், அதுவும் 13 டிகிரியில் வைத்திருந்தால்’ என்றும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ராயபுரம், சென்னை – 13