பரத்பூர் என்ன தப்புச் செய்தது?

அன்புள்ள மாலதி,

இத்தனை நாள் பதிலே போடாதவளுக்கு இப்போது என்ன வந்தது என்று திட்டுவாய். திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். பரமு இன்னும் அந்த பைனாகுலரைத் திருப்பித் தரவில்லை, அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

"எங்கள் ஏரியைச் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள், வலசைப் பறவைகளுக்கு இனிக் கவலையில்லை" என்று எழுதியிருந்தாயே, படித்ததுமே உன்னோடு சண்டை போடக் கை துறுதுறுத்தது. ராஜஸ்தானில் இருக்கும் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் எதற்குக் குறை? சுற்றிலும் வேலி, காவல், 1985லேயே உலகப் பாரம்பரியப் பட்டம். 1960களில் 200 வரை வந்துகொண்டிருந்த சைபீரியக் கொக்கு, 2002க்குப் பிறகு அங்கே எட்டிப் பார்க்கவில்லை. வழியில் ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் நடந்த வேட்டைதான் பெரிய காரணம் என்கிறார்கள். பரத்பூர் காவலர் என்ன செய்வார், பாவம்!

2015இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 1,451 வலசை இனங்களை எடுத்துக்கொண்டு, கூடு கட்டும் இடம், போகிற வழி, குளிர்காலம் கழிக்கும் இடம் எல்லாவற்றிலும் போதுமான அளவு பாதுகாக்கப்பட்ட பகுதி உண்டா என்று பார்த்தார்கள். தேறியது 9 சதவீதம். இருந்த இடத்திலேயே இருக்கும் பறவைகளில் 45. நம் கணக்கு டீச்சராக இருந்தால் 45க்கே பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவையையே எடுத்துக்கொள். அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துப் பக்கம் கிளம்பும்போது உடம்பில் பாதிக்கு மேல் கொழுப்பு, குடல்கூடச் சுருங்கிப்போயிருக்கும். 2022இல் ஒரு குஞ்சு, பிறந்து சில மாதம்தான் இருக்கும், எங்கும் இறங்காமல் 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவில் போய் இறங்கியது. ஆனால் வடக்கே திரும்பும்போது சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவிலுள்ள மஞ்சள் கடல் சேற்றில் இறங்கித் தின்றே ஆகவேண்டும். அந்தக் கரையில்தான் தென்கொரியா 2006இல் 33 கிலோமீட்டர் கடல் சுவரைக் கட்டி ஒரு முகத்துவாரத்தையே மூடியது. நியூசிலாந்துக்காரன் தன் கரையை எவ்வளவு பொத்திப் பொத்திப் பார்த்தாலும் இதற்கு என்ன செய்ய முடியும், சொல்? சீனா 2018இல் கடலைத் தூர்ப்பதற்குக் கடிவாளம் போட்டது, அதுவரைக்கும் நல்லது.

எனக்கு ரொம்பப் பிடித்தது கலிபோர்னியாக்காரர்கள் செய்வது. 2014 முதல், பறவைகள் வரும் சில வாரங்களுக்கு மட்டும் நெல்வயலில் தண்ணீர் நிறுத்தி வைக்க விவசாயிகளுக்குப் பணம் கொடுக்கிறார்கள். ஏலம் வேறு உண்டு, குறைவாகக் கேட்பவருக்குத்தான் வாய்ப்பு! சட்டம் இல்லை, வேலி இல்லை. தேவைப்படும் வாரத்தில் தேவைப்படும் தண்ணீர், அவ்வளவுதான். நிலத்தைக் காப்பதைவிட அந்தச் சில நாட்களைக் காப்பது மலிவு என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது பார், கெட்டிக்காரர்கள்.

அதனால் உன் ஏரி விஷயத்துக்கு வருகிறேன். பலகை நட்டதெல்லாம் இருக்கட்டும். சேற்றில் இரை தேடும் உள்ளான்கள் வரும் மாதத்தில் மதகை யார் திறக்கிறார்கள், எவ்வளவு திறக்கிறார்கள் என்று விசாரி. ஏரி தளும்ப நின்றால் நமக்கு அழகு, அதுகளுக்குக் கால் எட்டாது. கரையோரத்தில் எத்தனை விரல் ஆழம் என்று ஒரு குச்சியை நட்டுப் பார்த்து எழுது.

உன்,
சுதா