ரீச்சரின் சனிக்கிழமை வகுப்பு

கொழும்பு 13
ஞாயிறு இரவு

அன்பின் மச்சான்,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாமல் இருந்துவிட்டேன், கோபிக்காதே. அம்மா சுகம். மூத்தவன் சாதாரண தரம் பாஸ். சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரீச்சரின் மரண அறிவித்தலை வட்ஸ்அப்பில் பார்த்திருப்பாய். அதில் பெயரும் திகதியும்தான் இருந்தன. மிச்சத்தை உனக்கு நான்தான் எழுத வேண்டும்.

மாதம்பிட்டி மயானத்தில் நல்ல மழை. ஒருவரும் கலையவில்லை. ஓட்டோ ஓட்டுகிறவன், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், வங்கி மனேஜர் என்று மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். நம்ம ‘முக்கால் றாத்தல்’ டுபாயிலிருந்து வந்து, சப்பாத்தெல்லாம் சேறாக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அவனைப் பார்த்ததும் எனக்குப் பின்னம் படித்த நாள் ஞாபகம் வந்தது. ரீச்சர் பாணை வெட்டி மேசையில் வைத்து, மூன்றில் ஒன்று வேண்டுமா, நாலில் ஒன்று வேண்டுமா என்று கேட்டார். நாலுதான் பெரிது என்று நீ அடம்பிடித்து, சின்னத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாயே! பிறகு தன் பங்கையும் உனக்கே தந்தார். நீ அன்று காலை சாப்பிடாமல் வந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

60 வயதில் ஓய்வு பெற்று அடுத்த கிழமையே கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்பைத் தொடங்கிவிட்டார். பீடத்துணி தோய்த்து அயர்ன் பண்ணுவது, பூ வைப்பது, செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் நவநாளுக்கு நடந்தே போவது எல்லாம் வழக்கம்போல. ஆனால் அவருடைய உயிர் அந்த வகுப்பில்தான் இருந்தது. காசு வாங்கவில்லை. புலமைப்பரிசில் பேப்பர் செய்து செய்தே களைத்த பிள்ளைகளுக்கு, கணக்கில் பயம் போக வேண்டும், அவ்வளவுதான் என்பார்.

2019 ஏப்ரல் 21, அந்த உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு, இங்கே எங்களை என்ன செய்தது என்று நீ அறிவாய். சில கிழமைகள் பூசையைத் தொலைக்காட்சியில்தான் கண்டோம். கோயில்கள் திறந்த பிறகும் பிள்ளைகள் வாசலைத் தாண்ட மறுத்தார்கள். ரீச்சர் ஒருவரையும் வற்புறுத்தவில்லை. பாணும் கொப்பியுமாக வீடு வீடாகப் போனார். கதவு அடித்துச் சாத்தினாலே மேசைக்கடியில் ஒளிகிற ஒரு பொடியன் இருந்தான். அவனோடு தானும் நிலத்தில் இருந்து வாய்ப்பாடு சொன்னார், அந்த முழங்கால் வலியோடு. 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களில், பீடத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் படிப்பித்தார்.

இப்போது என் மனதை அரிப்பது இதுதான். 31ஆம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கக் காசு சேர்க்கிறார்கள். வழுவழுத்த தாள், கலர்ப் படம். அடிக்கட்டும், நானும் கொடுத்திருக்கிறேன். ஆனால் அவர் போன பிறகு வந்த முதல் சனிக்கிழமை நான் தற்செயலாக மண்டபப் பக்கம் போனேன். பூட்டிய கதவுக்கு முன்னால் பதினொரு பிள்ளைகள் கொப்பியோடு படியில் இருந்தார்கள். ரீச்சர் வரமாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் வந்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு என்னால் வீட்டுக்குத் திரும்ப முடியவில்லை மச்சான். பாதரிடம் திறப்பு வாங்கிக் கதவைத் திறந்தேன். மூன்று சனியாகக் கணக்கை நான் பார்க்கிறேன். மேசைக்கடியில் ஒளிந்த அந்தப் பொடியனும் வருகிறான், இப்போது என்னைவிட உயரம். சின்னவர்களுக்கு அவன்தான் பாண் வெட்டுகிறான்.

இங்கிலிஷுக்குத்தான் ஆள் இல்லை. இங்கே சனி காலை 9 மணி என்றால் ரொறன்ரோவில் இப்போது வெள்ளி இரவு 11.30. கிழமைக்கு ஒரு மணித்தியாலம் வீடியோவில் வா. மடிக்கணினி என்னிடம் இருக்கிறது, மண்டபத்தில் சிக்னலும் பரவாயில்லை. காசு அனுப்பாதே, நீ வா. வரும் வெள்ளி சரிவருமா என்று புதன்கிழமைக்குள் சொல், பிள்ளைகளிடம் சொல்லி வைக்க வேண்டும்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்